கணுக்கால் உயரக் குழாய்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வீட்டை அளப்பது எப்படி என்று நான் சொல்லித் தரப்போவதில்லை. லேசரைச் சுவரில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் எண் வரும். ஒரே காலையில் கற்றுக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட நானே கற்றுக்கொண்டேன். எண் வந்த பிறகுதான் வேலை ஆரம்பிக்கிறது. அதில் நான் செய்த ஒரு தப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் வேறு தப்புகள் செய்துகொள்ளுங்கள்.

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவன். மீன்பிடிப் படகு, சிங்கப்பூர் கப்பல் பட்டறை, ஆஸ்திரேலியத் திராட்சைத் தோட்டம், இங்கே நியூசிலாந்துக்கு வந்து கிவிப்பழம் பறிப்பு, இறைச்சித் தொழிற்சாலை என்று பதினேழு வேலை பார்த்திருக்கிறேன். எதிலும் இரண்டு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஆக்லாந்தின் ஏவன்டேலில் வேனுக்குள் படுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பக்கத்திலேயே இருந்ததால் காய்கறி மலிவாகக் கிடைத்தது. முதுகு மட்டும்தான் கொஞ்சம் குறை சொன்னது.

ஐம்பத்தாறு வயதில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன். த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதி வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏறினார். முப்பது வயது இருக்கும். வீடுகளுக்கு விலை மதிப்பிடும் பதிவுபெற்ற மதிப்பீட்டாளர். அவருடைய கார் பழுது. உதவியாளர் அன்று காலைதான் வேலையை விட்டிருந்தார். மூன்று வீடு பார்த்தாக வேண்டும். முதல் வீட்டில், "இந்த டேப்பின் நுனியைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார். மூன்றாவது வீடு முடிந்ததும், "நாளைக்கும் பிடிக்க முடியுமா?" என்றார். ஏழு வருடம் பிடித்தேன். டேப் போய் லேசர் வந்த பிறகும் இருந்தேன். என் வாழ்க்கையில் அதுதான் சாதனை. அவர் பெயரை எழுதினால் திட்டுவார், அதனால் முதலாளி என்றே சொல்கிறேன்.

இனி கதைக்கு வருகிறேன். இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், ஆக்லாந்தில் வீட்டு விலைகள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஏறிக்கொண்டிருந்தன. அதற்குச் சில வருடங்களுக்கு முன், கையில் காசு போதாதவர்கள் வீடு வாங்க அரசாங்கம் ஓர் உதவி செய்தது. வீட்டு விலையில் நாலில் ஒரு பங்கை அரசாங்கம் போடும். வட்டி கிடையாது. ஆனால் சில வருடங்களுக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும், அப்போது வாங்கிய தொகையைக் கொடுத்தால் போதாது. அன்றைய தேதியில் வீடு என்ன விலையோ, அதில் நாலில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அந்த விலையைச் சொல்வது நாங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டை விற்கிறவர், கடன் கேட்கிறவர் எல்லோருக்கும் விலை கூட வேண்டும். அரசாங்கப் பங்கைத் திருப்பிக் கொடுக்கிற இவர்களுக்கு மட்டும் குறைய வேண்டும். அதனால்தான் கிளென் ஈடனில் ரயில் பாதைக்கு மேலே சரிவில் இருந்த அந்தப் பலகை வீட்டுக்கு நாங்கள் போனபோது, புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. வாசலில் இரண்டு பழைய டயர். ஒரு காலொடிந்த நாற்காலி. கதவைத் திறந்தால் உள்ளே தரையில் முகம் தெரிந்தது.

வீட்டுக்காரர் சிவநேசன், ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மனைவி வதனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

"வாங்கோ, வாங்கோ. புல்லைப் பாக்காதேங்கோ," என்றார் வதனி. "மற்ற ஆக்கள் மதிப்புப் போட வருகினம் எண்டால் வீட்டை மினுக்குவினம். இந்த மனுசன் ஒரு மாசமா புல்லு வெட்ட விடேல்லை. உள்ளுக்கையும் குப்பை போட வெளிக்கிட்டவர். நான் விடுவனோ? வீட்டுக்கு ஆக்கள் வரேக்கை குப்பையைக் காட்டுறதோ?"

"விலை குறையோணுமெல்லோ," என்றார் சிவநேசன்.

"புல்லு வளந்தால் விலை குறையுமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

புல்லுக்கு விலை குறையாது. முதலாளி சமையலறையை அளந்துகொண்டிருந்த நேரம் சிவநேசன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணை, நீங்கள் எங்கட ஆள்தானே. மிஸ்ஸிட்டைக் கதைச்சுக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லுங்கோவன்."

"தம்பி, நான் டேப்பு புடிக்கிற ஆளு. விலை போடுறது அவங்க. நான் சொன்னா கேக்க மாட்டாங்க, கேக்கவும் கூடாது."

"என்ன சொல்கிறார்?" என்று முதலாளி திரும்பாமலே கேட்டார்.

"தேநீர் வேண்டுமா என்று கேட்கிறார்," என்றேன்.

"நல்லது. எனக்குப் பால் வேண்டாம்."

வதனி என்னைப் பார்த்த பார்வையில் பாதி சிரிப்பு, பாதி கண்டிப்பு. தேநீர் வந்தது, கூடவே வடையும் வந்தது. இந்தச் சின்னப் பொய்யைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரிய தப்புகளுக்கு முன்னால் இப்படி ஒன்று வந்து வழி கேட்டுவிட்டுப் போகும்.

வீட்டின் பின்பக்கம் ஓர் அறை இருந்தது. வீட்டோடு பிறந்தது போல, அதே பழைய பலகைச் சுவர், அதே மாதிரி ஜன்னல் சட்டம். உள்ளே சாமி படங்கள். கிழக்குப் பார்த்த சுவருக்குள் ஒரு மாடம், அதில் பிள்ளையார். தரை ஒரு மூலையை நோக்கி மெல்லச் சரிந்து, அங்கே தண்ணீர் போக ஒரு துளை. வெளியே வாசற்படிக்குப் பக்கத்தில், கணுக்கால் உயரத்தில் ஒரு குழாய். கீழே சின்னதாக ஒரு சிமெண்டுத் தொட்டி.

முதலாளி பலகைகள் மேல் கையை ஓட்டிப் பார்த்தார். "இந்த அறையைக் கட்டியவர் நன்றாக வேலை தெரிந்தவர். மூலைகளைப் பாருங்கள். இப்போது இப்படி யார் செய்கிறார்கள்?" பிறகு படிவத்தில் இருந்த கேள்வியைக் கேட்டார். "வீட்டை வாங்கிய பிறகு நீங்கள் எதையாவது புதிதாகக் கட்டினீர்களா?"

"இல்லை. ஒன்றும் இல்லை," என்றார் சிவநேசன் ஆங்கிலத்தில். "வாங்கும்போதே எல்லாம் இருந்தது."

"இந்தக் குழாய்?" என்று முதலாளி குனிந்து பார்த்தார். "முன்னால் இருந்தவர் நாய் குளிப்பாட்ட வைத்திருப்பார் போல."

"ஆமாம். நாய்க்குத்தான்."

"பிள்ளையாரே," என்று வதனி வாய்க்குள் சொன்னார்.

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. இவர்களுக்கு வீட்டை விற்றவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்று வதனி தேநீர் ஊற்றும்போது சொல்லியிருந்தார். அவர் எதற்காகக் கிழக்குப் பார்த்து மாடம் வைக்கப்போகிறார்? அபிஷேகத் தண்ணீர் போகத் துளை எதற்கு? கால் கழுவிவிட்டுச் சாமியிடம் போகிறவனுக்குத்தானே கணுக்கால் உயரத்தில் குழாய் வேண்டும். நாயாக இருந்தால் குழாயை இடுப்புயரத்தில் வைத்து மேலிருந்து ஊற்றுவார்கள். இந்த அறையைக் கட்டியவர் சிவநேசன்தான். கவுன்சிலிடம், அதாவது நகராட்சியிடம், அனுமதி வாங்காமல் கட்டியிருக்கிறார், அதனால் பயந்து மறைக்கிறார்.

நம் ஆள், நாம் ஏன் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். நோட்டில் "பின்னறை, பழையது" என்று எழுதினேன். ஓர் உபகாரம் செய்த திருப்தியோடு இன்னொரு வடையும் சாப்பிட்டேன்.

பத்து நாள் கழித்து, மத்தியானம், வதனி என் கைபேசிக்கு அழைத்தார்.

"அண்ணை, ரிப்போர்ட் வந்திட்டுது. அரசாங்கத்துக்குக் குடுக்கவேண்டியது பாங்க் தாறனெண்ட காசைவிடப் பதினோராயிரம் கூட. எங்களிட்டை அவ்வளவு இல்லை. பாங்க் சொன்ன தவணை இன்னும் ஆறு கிழமைதான். அதுக்குள்ளை கட்டாட்டி இன்னும் விலை ஏறும், பிறகு எட்டவே ஏலாது. விக்கத்தான் வேணும்."

அழவில்லை. பதினோராயிரம் டாலர், ஆறு வாரம் என்று கணக்கை ஒப்பிப்பது போலத்தான் சொன்னார். அப்படி ஏறும் விலையைத் துரத்தித் துரத்தி முடியாமல் வீட்டை விற்றுவிட்டு வாடகைக்குப் போனவர்களை அந்த வருடங்களில் நானே பார்த்திருக்கிறேன்.

அலுவலகத்தில் இருந்த பிரதியை எடுத்து வைத்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நான்காம் பக்கத்தில் இரண்டு வரிகள். முதல் வரி, வீட்டின் இன்றைய விலை. இரண்டாவது வரி, வாங்கிய பிறகு வீட்டுக்காரர் தன் செலவில் கட்டியதால் ஏறிய விலை. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்து, மீதியில்தான் அரசாங்கத்துக்கு நாலில் ஒரு பங்கு. இரண்டாவது வரியில் பூச்சியம் போட்டிருந்தது.

தான் பலகை பலகையாக அடித்த அறையில் அரசாங்கத்துக்குப் பங்கு கொடுக்கப்போகிறார் சிவநேசன், தான் அதைக் கட்டவே இல்லை என்று சொன்ன ஒரே காரணத்தால். அதற்கு நான் உடந்தை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு மூன்று வழி இருந்தது. பேசாமல் இருக்கலாம். "நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க, நான் சொன்னதாச் சொல்லாதீங்க" என்று வதனியிடம் சொல்லித் தப்பிக்கலாம். இல்லையென்றால் முதலாளியிடம் போய், எனக்கு அன்றே தெரியும் என்று ஒப்புக்கொள்ளலாம். இரண்டாவது வழி ரொம்ப அழகாகத் தெரிந்தது. அவர்களுக்கும் நல்லது, எனக்கும் வேலை போகாது. பதினேழு வேலைகளுக்குப் பிறகு, உட்கார ஒரு நாற்காலியும் சம்பளத்தோடு விடுமுறையும் கிடைத்த முதல் வேலை அது. ஆனால் முதலாளி நாளைக்கு என்னைப் பார்த்து, "நீங்கள் அன்று எதையும் கவனிக்கவில்லையா?" என்று கேட்டால் இன்னொரு தேநீர்ப் பொய் சொல்ல வேண்டும். அது எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அவர்களுக்குத் தெரியாமல் சொல்வதும் சரியில்லை என்று பட்டது. வதனியைத் திரும்ப அழைத்து, நான்காம் பக்கத்தை விளக்கி, நாளைக் காலை முதலாளியிடம் சொல்லப்போகிறேன் என்றேன். போன் கைமாறியது.

"அண்ணை, கவுன்சில்காரன் வந்து இடி எண்டால் என்ன செய்யிறது?" என்றார் சிவநேசன். "சாமி அறை, அண்ணை."

பின்னால் வதனியின் குரல். "நாய் அறை எண்டெல்லோ சொன்னனீங்கள். நாய் அறை இடிஞ்சால் என்ன?"

"நீர் கொஞ்சம் சும்மா இரும்."

"நான் அண்டைக்குச் சும்மா இருந்ததாலைதான் இந்தப் பதினோராயிரம்."

"இடிப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது தம்பி," என்றேன். "தெரிஞ்ச ஆளுகிட்டத்தான் கேக்கப் போறேன்."

மறுநாள் காலை காரில் சொன்னேன். முதலாளி கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்றைக்கு அவர் தேநீர் வேண்டுமா என்றுதான் கேட்டாரா?"

"இல்லை. விலையைக் குறைக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று நானே சொல்லிவிட்டேன்."

"அந்தத் தேநீர்?"

"அது நிஜத் தேநீர்தான்."

அவர் சிரிக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டினார். என் நோட்டை வாங்கி, ஒரு புதுப் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டார். "இடது பக்கம் நீங்கள் பார்த்தது. வலது பக்கம் அவர்கள் சொன்னது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் என்னிடம் சொல்ல வேண்டும். அது உங்கள் வேலை. அதை வைத்து என்ன செய்வது என்பது என் வேலை. நீங்கள் என் வேலையைச் செய்திருக்கிறீர்கள். அதுவும் மோசமாக."

சரி என்றேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நானும் ஒரு தப்புச் செய்தேன்," என்றார். "கேள்வியைக் கேட்டேன், நாய் என்று பதிலையும் நானே கையில் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டார்." பிறகு வண்டியைத் திருப்பினார். கிளென் ஈடன் பக்கம்.

சிவநேசனுக்கு அன்று மத்தியானம்தான் வேலை. வீட்டில் இருந்தார். புல் வெட்டியிருந்தது. முதலாளி சுற்றி வளைக்கவில்லை. அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், இந்த முறை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். அந்த அறையைச் சிவநேசன்தான் கட்டினார் என்று காட்ட ஆதாரம் வேண்டும். ஆதாரம் இருந்தால் இரண்டாவது வரியில் எழுதலாம். ஆனால் அனுமதி இல்லாமல் கட்டியது என்பதையும் அதே அறிக்கையில் முதலாளி எழுதுவார், மறைக்க மாட்டார். கட்டி முடித்த வேலைக்குப் பின்னால் கவுன்சிலிடம் ஒப்புதல் கேட்க ஒரு வழி இருக்கிறது. அதற்குச் செலவு உண்டு. சில இடங்களை மாற்றச் சொல்லலாம். ஒப்புதல் கிடைத்தே தீரும் என்று அவரால் வாக்குக் கொடுக்க முடியாது.

"பில் ஒண்டும் இல்லை," என்றார் சிவநேசன். "பயத்திலை எல்லாத்தையும் எறிஞ்சுபோட்டன்."

வதனி உள்ளே போய்த் தன் கைபேசியை எடுத்து வந்தார். வீடு புகுந்த நாளில் பால் காய்ச்சிய படம் முதலில் வந்தது. பட்டுச் சேலை, பொங்கி வழியும் பானை, அதற்குப் பின்னால் பின்கதவு திறந்திருக்கிறது. கதவுக்கு அப்பால் கூரை மட்டும் போட்ட வெறும் திறந்த வராந்தா. சுவர் இல்லை, ஜன்னல் இல்லை. ஒரு துணிக்கொடியில் இரண்டு துவாலைகள் தொங்குகின்றன. அதற்குப் பிறகு படம் படமாக வந்தது. இடித்த வீடுகளின் சாமான் விற்கும் கடையில் பழைய பலகைகளை வேனில் ஏற்றும் சிவநேசன். சுவரின் சட்டம் நிற்கிறது. மாடம் இருக்கும் இடத்தில் வெறும் ஓட்டை. முழங்காலில் உட்கார்ந்து குழாய் பொருத்தும் சிவநேசன், வாயில் ஸ்பேனர்.

"ஒவ்வொரு பலகை அடிச்சதையும் எடுத்துக் கனடாவிலை அக்காவுக்கு அனுப்பினனான்," என்றார் வதனி. "எல்லாத்திலையும் திகதி கிடக்கு. இவர் வெளியிலை ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டவர். அக்கா வெளியில்லைத்தானே?"

முதலாளி ஒரு மணி நேரம் உட்கார்ந்து அத்தனை படத்தையும் பார்த்தார். பழைய பலகையைப் பயன்படுத்தியதால்தான் தன் கண்ணே ஏமாந்தது என்றார். பிறகு சிவநேசனைப் பார்த்தார். முடிவு அவருடையது. எழுதச் சொன்னால் கவுன்சில். வேண்டாம் என்றால் பதினோராயிரம்.

சிவநேசன் பின்னறை வாசலில் போய் நின்றார். சட்டத்தைத் தடவிக்கொண்டு, தமிழில் என்னிடம் கேட்டார்.

"அண்ணை, இதைக் கட்டினவன் வேலை தெரிஞ்சவன் எண்டு அண்டைக்கு இவ சொன்னவவெல்லோ. நான் கட்டினதெண்டு தெரிஞ்ச பிறகும் அப்பிடித்தான் சொல்லுவாவோ?"

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். முதலாளி எழுந்து போய் அந்த மூலையை இன்னொரு முறை பார்த்தார்.

"இன்னும் உறுதியாகச் சொல்வேன்," என்றார். "ஆனால் அந்த ஜன்னலுக்கு மேலே தண்ணீர் இறங்காமல் ஒரு தகடு வேண்டும். கவுன்சில் அதைக் கேட்பார்கள்."

"அது எனக்குத் தெரியும். மழை வந்திட்டுது, விட்டிட்டன்." சிவநேசன் சட்டத்திலிருந்து கையை எடுத்தார். "சரி, எழுதச் சொல்லுங்கோ. நான்தான் கட்டினது. குழாயும் நான்தான்."

"நாய்?" என்றார் வதனி.

"நாயும் நான்தான். விடுமப்பா."

திருத்திய அறிக்கை நான்கு நாளில் போனது. வீட்டின் விலையில் ஒரு டாலரும் மாறவில்லை. அதை மாற்ற யாருக்கும் உரிமை இல்லை என்பதை உங்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். மாறியது இரண்டாவது வரி மட்டும். அந்த அறையைக் கழித்ததில் அவர்கள் கொடுக்கவேண்டிய பங்கு பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் இறங்கியது. கவுன்சிலிடம் ஒப்புதலுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வங்கி ஒத்துக்கொண்டது. தவணைக்கு எட்டு நாள் இருக்கும்போது அரசாங்கத்தின் பங்கு அடைபட்டது. என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு மாதம், எந்த வீட்டில் தேநீர் கொடுத்தாலும் முதலாளி என்னைப் பார்த்து, "இவர்கள் உண்மையில் என்ன கேட்டார்கள்?" என்பார்.

நோட்டின் நடுவில் கோடு போடும் பழக்கம் அன்று வந்தது. ஓய்வு பெறும்வரை விடவில்லை. உங்களுக்குக் கொடுத்திருக்கும் நோட்டில் கோடு அச்சடித்தே வருகிறது. அது அலங்காரத்துக்கு இல்லை. நம்முடைய ஆட்களின் வீட்டுக்குப் போகும்போது, நீங்கள் மட்டும் பார்க்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கும். அவை இடது பக்கத்துக்குச் சொந்தம். உங்கள் இரக்கத்துக்கு அந்தப் பக்கத்தில் இடம் இல்லை. இரக்கம் இருந்தால் நான்காம் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

ஆறேழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை அவர்கள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு மேலே புதுத் தகடு மின்னியது. கவுன்சில் கட்டணத்துக்கு வதனி ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆய்வாளர் இரண்டு முறை வந்துவிட்டார், இன்னொரு முறை வருவார். நான் குழாயில் கால் கழுவிவிட்டுச் சாமி அறைக்குள் போய்விட்டு, சமையலறைக்கு வந்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில், பல்பொருள் அங்காடித் தள்ளுபடிச் சீட்டுக்குப் பக்கத்தில், எங்கள் அறிக்கையின் நான்காம் பக்கம் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. "பின்னறை, சுவர் மாடம், தரை வடிகால், கால் கழுவும் குழாய்: வீட்டுக்காரர் தாமே கட்டியவை. வேலைத் தரம் மிக நன்று." குழாய் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் யாரோ சிவப்புப் பேனாவால் கோடிழுத்திருந்தார்கள். யாரென்று கேட்கவில்லை.

"இதை இப்படி எல்லாரும் பாக்க ஒட்டி வெச்சிருக்கீங்களே," என்றேன் சிவநேசனிடம். "கவுன்சில் ஆளு வர்ற வீடு."

"அவருக்குத்தான் முதல் காட்டினனான்," என்றார் அவர், சோறு போட்டுக்கொண்டே.